தம்மாமில் கணவர், அறந்தாங்கியில் மனைவி: எப்போது, எப்படி அழைத்து வருவது?

புதுக்கோட்டை மாவட்டம், அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதிய நீண்ட கடிதத்துக்கு இந்த வாரம் பதில் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சாரம் இது:

கணவருக்கு வயது 46. சவூதி அரேபியாவின் தம்மாமில் பதினோரு ஆண்டுகளாக ட்ரெய்லர் ஓட்டுகிறார். ஐந்து வாரங்களுக்கு முன்பு, அதிகாலைத் தொழுகைக்கு எழுந்த அறைத் தோழர், இவர் குளியலறை வாசலில் விழுந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறார். இரத்த அழுத்தம் எகிறி மூளையின் இடப்பக்கத்தில் இரத்தக் கசிவு. அன்றே அறுவை சிகிச்சை செய்து, மண்டையோட்டில் ஒரு துண்டை எடுத்துவிட்டார்கள். தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். ஒன்பது நாட்களாக வென்டிலேட்டர் இல்லை. ஆக்சிஜன் மட்டும் கொஞ்சம் போகிறது. வலது கையும் காலும் அசையவில்லை, பேச்சில்லை. வீடியோ அழைப்பில் இளைய மகளின் குரல் கேட்டால் மட்டும் இடது கட்டைவிரலை அசைக்கிறார்.

ஜுபைலில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் வெள்ளிக்கிழமைதோறும் போய்ப் பார்க்கிறார். மருத்துவமனைச் செலவை இதுவரை கம்பெனியின் காப்பீடு ஏற்றிருக்கிறது. ஆனால் கம்பெனி அலுவலர் அரபியில் அச்சிட்ட ஒரு தாளைக் கொடுத்து, அதில் நோயாளியின் இடது கட்டைவிரல் ரேகையை வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். "ரேகை வைத்தால்தான் எக்ஸிட் அடிப்போம்" என்கிறாராம் (எக்ஸிட் என்பது சவூதியை விட்டு வெளியேறும் அனுமதி). இதற்கிடையே ஓர் ஏஜெண்ட் ஏர் ஆம்புலன்ஸுக்குப் பதினாறு லட்சம் கேட்டு, பாதியை முன்பணமாகக் கட்டச் சொல்கிறார். ஒன்றரை ஏக்கர் நிலத்துக்கு ஆள் பார்த்தாகிவிட்டது. உறவினர் ஒருவரோ, "மூட்டுவலி என்று சொல்லிச் சக்கர நாற்காலியில் ஏற்றிவிட்டால் சாதா டிக்கெட்டிலேயே வந்துவிடலாம்" என்கிறார். தூதரகம் இலவசமாக அனுப்பி வைக்காதா, அரசுக் காப்பீட்டில் பத்து லட்சம் வராதா, மாமியார் சாப்பிடாமல் அழுகிறார், நாளைக்கே அழைத்து வர வழி சொல்லுங்கள் என்று முடிகிறது கடிதம்.

அன்புச் சகோதரி,

முதலில் நிலத்தை விற்காதீர்கள். குறைந்தது இந்தப் பதிலைப் படித்து முடித்து, அடுத்த வெள்ளிக்கிழமை உங்கள் சித்தப்பா மகன் மருத்துவமனைக்குப் போய்வரும் வரையிலாவது பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏர் ஆம்புலன்ஸ் உங்கள் கணவருக்குத் தேவைப்படாமலே போகலாம்.

நான் நரம்பியல் மறுவாழ்வு மருத்துவன். வளைகுடாவிலிருந்து படுக்கையிலேயே வந்திறங்கும் நோயாளிகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். எல்லாக் குடும்பங்களும் கேட்பது ஒரே கேள்விதான்: "எப்போது வருவார்?" நான் கேட்கும் கேள்வி வேறு: எந்த நிலையில் வருவார், எந்தக் கட்டிலுக்கு வருவார்? சில ஆண்டுகளுக்கு முன்பு ஒருவரை அழைத்து வர ஒரு குடும்பம் கடன் வாங்கி, சண்டை போட்டு, எல்லாத் தாள்களையும் சரிசெய்தது. நள்ளிரவு தாண்டி விமானம் இறங்கியது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் கதவைச் சாத்திவிட்டு, "எந்த ஆஸ்பத்திரிக்கு?" என்று கேட்டார். அங்கே நின்ற ஏழு பேரில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. விடிவதற்குள் மூன்று மருத்துவமனைகளின் வாசலைப் பார்த்துவிட்டு, நான்காவதாக எங்களிடம் வந்தார்கள். அதற்குள் காய்ச்சல் 103 டிகிரி. விமானத்தில் வந்த ஐந்து மணி நேரம் அவரை ஒன்றும் செய்யவில்லை. ஊரில் சுற்றிய ஐந்து மணி நேரம்தான் வீழ்த்தியது.

"அங்கே அநாதையாகக் கிடக்கிறாரே" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வலி புரிகிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வென்டிலேட்டரிலிருந்து விடுவித்து, ஒன்பது நாட்கள் தொண்டைக் குழாயில் சளி அடைக்காமல் ஒருவரை வைத்திருப்பது சின்ன வேலை இல்லை. இரவும் பகலும் யாரோ ஒரு செவிலியர் பக்கத்தில் நின்று சளியை உறிஞ்சி எடுக்கிறார். உங்கள் கணவர் கவனிப்பாரற்றுக் கிடக்கவில்லை. அதற்காக அங்கேயே மாதக்கணக்கில் விட்டுவிடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். பக்கவாதத்துக்குப் பிறகு கைகால் மீள்வதில் பெரும்பகுதி முதல் மூன்றிலிருந்து ஆறு மாதங்களுக்குள் நடக்கிறது. அந்தக் காலத்தில் தினமும் பயிற்சி வேண்டும், பழகிய மொழி காதில் விழ வேண்டும். ஆகவே அவசரமும் வேண்டாம், ஆற அமரவும் வேண்டாம். அவர் உடல்நிலை இடம் கொடுத்தால் மூன்று நான்கு வாரங்களுக்குள் கொண்டுவரப் பாருங்கள்.

விமானத்துக்குள் உடம்புக்கு என்ன ஆகிறது

விமானத்துக்குள் தரையில் இருக்கும் அளவு காற்றழுத்தம் இருப்பதில்லை. 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் உட்கார்ந்திருப்பது போன்ற அழுத்தம்தான் இருக்கும். ஊட்டிக்குப் போன நினைவிருந்தால் அதுதான் கணக்கு. நல்ல உடம்புக்கே இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு சற்று இறங்கும். தரையிலேயே ஆக்சிஜன் வைத்துக்கொள்பவருக்கு அங்கே கூடுதலாகத் தேவைப்படும். அந்த ஆக்சிஜனை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுப் பணம் கட்ட வேண்டும். நாமே சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போனால் ஏற்ற விடமாட்டார்கள்.

அழுத்தம் குறைந்தால் அடைபட்டிருக்கும் காற்று விரியும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெருகும். உங்கள் கணவரைப் பொறுத்தவரை முக்கியமான செய்தி இதுதான். மூளை அறுவை சிகிச்சைக்குப் பின் மண்டைக்குள் காற்று தங்கியிருக்கலாம். அது மேலே போய் விரிந்தால் மூளையை அழுத்தும். மண்டைக்குள் காற்று இல்லை என்று உறுதியான பிறகே, அதுவும் அறுவை சிகிச்சை முடிந்து பத்து நாட்களாவது ஆன பிறகே, பயணம் என்பது விமான மருத்துவத்தின் பொது விதி. உங்கள் கணவர் ஐந்து வாரங்களைத் தாண்டிவிட்டார். நாள் கணக்கில் தடை இல்லை. ஆனாலும் பயணத்துக்குச் சில நாட்கள் முன்பு எடுத்த சி.டி. ஸ்கேன் ஒன்று கையில் இருக்க வேண்டும்.

இதே காரணத்தால்தான் தொண்டைக் குழாயின் நுனியில் இருக்கும் சின்னப் பலூனையும் கவனிக்க வேண்டும். வழக்கமாக அதில் காற்றை ஊதியிருப்பார்கள். விமானம் மேலே ஏறும்போது அது உப்பி மூச்சுக்குழாயின் சுவரை நசுக்கும். ஆகவே புறப்படும் முன் காற்றை எடுத்துவிட்டு, சுத்திகரித்த நீரை ஏற்றுவார்கள். அல்லது உடன் வருபவர் அழுத்தத்தை அடிக்கடி அளந்து சரிசெய்வார். துணைக்கு வரும் செவிலியர் அனுபவமுள்ளவரா என்று தெரிந்துகொள்ள இந்த ஒரு கேள்வி போதும்: "தொண்டைக் குழாய் பலூனை விமானத்தில் என்ன செய்வீர்கள்?" விழித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

சக்கர நாற்காலி யோசனை

உங்கள் உறவினர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். கேட்காதீர்கள். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பயணி இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து பெல்ட் போட்டிருக்க வேண்டும். உங்கள் கணவரால் அது முடியாது. தொண்டையில் குழாய் இருப்பவரை மூட்டுவலிக்காரர் என்று எந்த ஊழியரிடம் சொல்லி நம்ப வைப்பது? கதவருகே வந்தபின்பும் ஏற்ற மறுக்கும் உரிமை விமானிக்கு உண்டு. அப்படித் திரும்பினால் மருத்துவமனையில் கட்டில் போயிருக்கும், எக்ஸிட் விசாவின் நாட்கள் ஓடிக்கொண்டிருக்கும். ஏற்றிவிட்டால் இன்னும் மோசம். நடுவானில் வலிப்பு வந்தால் சளி எடுக்கும் கருவி இல்லை, மருந்து இல்லை, அவர் நிலை தெரிந்த ஒருவரும் இல்லை.

சாதாரணப் பயணிகள் விமானத்திலேயே ஸ்ட்ரெச்சர் வசதி இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஏஜெண்டுகள் அதைச் சொல்வதும் இல்லை. பின்வரிசை இருக்கைகளின் சாய்மானத்தை மடக்கி, அதன்மேல் சட்டகத்தைப் பூட்டி, படுக்கை போட்டு, சுற்றித் திரை கட்டுவார்கள். ஆறிலிருந்து ஒன்பது இருக்கைகளை அது அடைக்கும். கட்டணமும் அந்தக் கணக்கில்தான். சில லட்சங்கள் ஆகும், ஆனால் ஏர் ஆம்புலன்ஸோடு ஒப்பிட்டால் சிறிய பகுதி. நோயாளியை முதலில் ஏற்றி, எல்லோரும் இறங்கிய பிறகு கடைசியாக இறக்குவார்கள். குறைந்த கட்டண விமான நிறுவனங்கள் பெரும்பாலும் ஸ்ட்ரெச்சரை ஏற்பதில்லை. எனவே திருச்சிதான் பக்கம் என்று திருச்சிக்கே தேட வேண்டாம். நேரடி விமானமும் ஸ்ட்ரெச்சர் வசதியும் சேர்ந்து எங்கே கிடைக்கிறது என்று பாருங்கள். சென்னையோ கொச்சியோ, எதுவானாலும் சரி. நடுவில் விமானம் மாறுவது மட்டும் வேண்டாம்.

இதற்கு மெடிஃப் என்று ஒரு மருத்துவத் தகவல் படிவம் உண்டு. சிகிச்சை தரும் மருத்துவர் அதை நிரப்பிக் கொடுப்பார். முடிவு எடுப்பது அவர் அல்ல, விமான நிறுவனத்தின் மருத்துவப் பிரிவு. "டாக்டர் பயணம் செய்யலாம் என்று எழுதிவிட்டார், அப்புறம் என்ன?" என்று பலர் நினைப்பது இங்கேதான் தவறுகிறது. படிவம் போய், அவர்கள் கேள்வி கேட்டு, பதில் போய், அனுமதி வர இரண்டு மூன்று நாட்களாவது ஆகும். படிவத்தில் எதையும் மறைக்கச் சொல்லி மருத்துவரைக் கெஞ்சாதீர்கள்.

ஏர் ஆம்புலன்ஸ் யாருக்கு? வென்டிலேட்டர் இல்லாமல் மூச்சுவிட முடியாதவருக்கு, இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து ஊசிவழி ஓடிக்கொண்டிருப்பவருக்கு. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் கணவர் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். மருத்துவர் அதுதான் வேண்டும் என்று எழுத்தில் சொன்னால் அப்போது யோசிக்கலாம். அப்போதும் முன்பணம் கட்டுமுன் கேளுங்கள்: உடன் வரும் மருத்துவர் யார், பதிவு எண் என்ன, கட்டிலிலிருந்து கட்டில்வரை உங்கள் பொறுப்பா, பயணம் ரத்தானால் எவ்வளவு திரும்பும்? வாட்ஸாப் செய்தியாகப் பதில் வந்தால் அது பதில் இல்லை. கம்பெனி முத்திரையோடு தாளில் வர வேண்டும்.

கட்டைவிரல் ரேகை

கடிதத்தில் என்னை மிகவும் சங்கடப்படுத்திய இடம் இது. பேச முடியாத, சொல்வது புரிகிறதா என்றே நமக்குத் தெரியாத ஒருவரின் விரலை மைத்தட்டில் அழுத்தி வாங்கும் ரேகைக்கு என்ன பொருள்? மகளின் குரலுக்கு அசைகிற அதே கட்டைவிரல்! உங்கள் சித்தப்பா மகனிடம் சொல்லுங்கள்: அந்தத் தாளில் ரேகை வாங்க வேண்டாம். அதைப் படம் எடுத்து, அரபி தெரிந்தவரிடம் காட்டட்டும். பெரும்பாலும் "என் பாக்கி அனைத்தையும் பெற்றுக்கொண்டேன், இனிக் கோரிக்கை எதுவும் இல்லை" என்பதுதான் அதில் இருக்கும். நோயாளி முடிவெடுக்கும் நிலையில் இல்லை என்று மருத்துவ அறிக்கையில் ஒரு வரி எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்கட்டும். அந்த ஒரு வரி உங்களுக்குப் பெரிய கவசம்.

நான் வழக்கறிஞன் அல்ல. வளைகுடா வழக்குகளைப் பார்க்கும் நண்பரிடம் கேட்டுத்தான் அடுத்த சில வரிகளை எழுதுகிறேன். சவூதித் தொழிலாளர் சட்டப்படி நோயுற்ற தொழிலாளிக்கு ஓராண்டில் முதல் 30 நாட்கள் முழுச் சம்பளத்தோடும், அடுத்த 60 நாட்கள் முக்கால் சம்பளத்தோடும், அதன்பின் 30 நாட்கள் சம்பளமில்லாமலும் விடுப்பு உண்டு. அந்த விடுப்பு தீருமுன் நோயைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்கக் கூடாது. உங்கள் கணவர் இன்னும் இரண்டாவது கட்டத்தின் தொடக்கத்தில்தான் இருக்கிறார். ஐந்து வாரச் சம்பளம் வந்ததா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. கேளுங்கள்.

பணிமுடிவுத் தொகை தனி. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம். பதினோரு ஆண்டுகளுக்கு இரண்டரையும் ஆறும் சேர்த்து எட்டரை மாதம். சம்பளம் 2,200 ரியால் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக 18,700 ரியால். எடுக்காத விடுமுறைக்கான சம்பளம் இதற்கு மேல். ஊர் திரும்பும் டிக்கெட் முதலாளியின் பொறுப்பு. ஸ்ட்ரெச்சருக்கான கூடுதல் கட்டணத்தை அவர் ஏற்பாரா என்பது பேசித்தான் ஆக வேண்டும். பதினோரு வருட ஓட்டுநருக்காக அதை ஏற்ற முதலாளிகளையும் பார்த்திருக்கிறேன். ஆகவே எடுத்த எடுப்பில் சண்டை வேண்டாம்.

கம்பெனியோடு பேச உங்கள் சித்தப்பா மகனுக்கு நீங்கள் எழுத்தில் அதிகாரம் கொடுக்கலாம். மருத்துவ அறிக்கை பெறுவது, பாக்கியைக் கணக்குப் பார்த்து உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் செய்வது, பயண ஏற்பாடு என்று வேலையை வரையறுத்து எழுதுங்கள். "எல்லா அதிகாரமும்" என்று எழுதிவிடாதீர்கள். அவர் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வரையறை இருந்தால் கம்பெனி அவரை நெருக்கும்போது அவருக்கும் அது பாதுகாப்பு. நோட்டரியிடம் எழுதி, அப்போஸ்தில் முத்திரை (நம் நாட்டு ஆவணத்தை வெளிநாடு ஏற்பதற்கான சான்று) பெற்று அனுப்புங்கள். சவூதி 2022 டிசம்பர் முதல் அந்த முத்திரையை ஏற்கிறது.

எக்ஸிட் விஷயத்தில் இன்னும் இரண்டு செய்திகள். இகாமா, அதாவது சவூதியில் தங்குவதற்கான அனுமதி அட்டை, எந்தத் தேதி வரை செல்லும் என்று உடனே பாருங்கள். அது காலாவதியானால் மருத்துவக் காப்பீடும் ஆட்டம் காணும். ட்ரெய்லர் ஓட்டியவர் என்பதால் போக்குவரத்து அபராதம் நிலுவையில் இருக்கலாம். அதைக் கட்டாமல் எக்ஸிட் கிடைக்காது. கடைசி நாளில் இது தெரியவந்து விமானத்தை விட்டவர்கள் உண்டு.

தூதரகமும் பத்து லட்சமும்

தூதரகம் எல்லோரையும் இலவசமாக அனுப்பி வைக்கும் என்பது சரியல்ல. ஒன்றுமே செய்யாது என்பதும் சரியல்ல. 2009 முதல் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று தூதரகங்களில் இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான நோயில் சிக்கிய, வசதியில்லாத இந்தியர்களுக்கு அதிலிருந்து உதவலாம். குடும்ப நிலையைப் பார்த்துத் தூதரகமே முடிவு செய்யும். தம்மாம், ரியாதில் உள்ள தூதரகத்தின் எல்லைக்குள் வருகிறது. வெளிநாட்டில் உள்ள இந்தியர்களின் குறைகளுக்காக மத்திய அரசு நடத்தும் 'மதத்' (MADAD) இணையதளத்தில் புகாரைப் பதிவு செய்து எண்ணை வாங்குங்கள். அதே மனுவைத் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் புதுக்கோட்டை ஆட்சியரிடமும், சென்னை எழிலகத்தில் உள்ள அயலகத் தமிழர் நலன் ஆணையரகத்திலும் கொடுங்கள். மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பாஸ்போர்ட் எண், இகாமா எண், மருத்துவமனை, கம்பெனி, நீங்கள் கேட்பது என்ன, இவ்வளவு போதும். எனக்கு எழுதியது போல ஆறு பக்கம் எழுதினால் படிக்கிறவர் நான் மட்டுமாகத்தான் இருப்பேன்.

பத்து லட்சம் என்று நீங்கள் கேள்விப்பட்டது பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு. குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்கு அது கட்டாயம். அந்தப் பத்து லட்சம் விபத்தில் இறந்தால் அல்லது நிரந்தரமாக முடங்கினால்தான். இரத்த அழுத்தத்தால் வந்த மூளைக் கசிவு அதில் வராது. ஆனால் உடல்நலம் கெட்டு வேலைக்குத் தகுதியில்லாமல் திரும்புகிறவரின் பயணச் செலவுக்கு அதில் இடம் இருக்கிறது. பாலிசி இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும். கடைசியாக எப்போது புதுப்பித்தார் என்று அவருடைய இரும்புப் பெட்டியில் தேடிப் பாருங்கள். பாலிசி இன்னும் நடப்பில் இருந்தால் நல்லது, இல்லையென்றால் அந்த வழியை மறந்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

இந்தப் பக்கத்துக் கட்டில்

இனி உங்கள் வேலை. டிக்கெட் தேதி போடும் முன்பு, அவரை ஏற்றுக்கொள்ளும் மருத்துவமனை எது என்று முடிவாக வேண்டும். தொண்டைக் குழாயோடு வருபவர் நேராக வீட்டுக்கு வரக் கூடாது. சென்னையில் இறங்கினால் அறந்தாங்கிக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர். விமானப் பயணத்தின் மேல் இன்னொரு ஏழெட்டு மணி நேரம் சாலையில் போவது அவருக்குத் தாங்காது. இறங்கும் ஊரிலேயே இரண்டு மூன்று நாட்கள் வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றுவதே என் விருப்பம். சென்னை சென்ட்ரல் எதிரில் உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் நரம்பு அறுவை சிகிச்சைத் துறை இருக்கிறது. உங்கள் குடும்பத்தில் ஒருவர் மருத்துவ அறிக்கையோடு நேரில் போய்ப் பேசட்டும். "அரசு ஆஸ்பத்திரியில் எப்போது போனாலும் சேர்த்துக்கொள்வார்கள்" என்பது உண்மைதான். ஆனாலும் வருகிறவர் யார் என்று முன்பே தெரிந்த மருத்துவருக்கும், நள்ளிரவில் ஸ்ட்ரெச்சரில் முதன்முதலாகப் பார்ப்பவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. வெளிநாட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வருகிறவரை, கிருமித் தொற்று இல்லை என்று தெரியும்வரை தனி அறையில் வைப்பார்கள். அதற்கும் இடம் ஒதுக்க வேண்டும். சளி, சிறுநீர் பரிசோதனை முடிவுகளை அங்கிருந்தே வாங்கி வந்தால் இந்தக் காத்திருப்பு குறையும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வீட்டில் இருக்கிறதா? ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை அதில் சிகிச்சை பெறலாம். கணவர் வெளிநாட்டில் இருந்ததால் குடும்ப அட்டையில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வருமானச் சான்றுக்கு இன்றே கிராம நிர்வாக அலுவலரைப் போய்ப் பாருங்கள். கணவர் வேலைக்குப் போக முடியாத இப்போதைய நிலையை அவரிடம் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையாளர் வீடு தேடி வருவார். சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமும் இருக்கிறது. அதெல்லாம் அடுத்த கட்டம்; அப்போது எழுதுங்கள், விரிவாகச் சொல்கிறேன்.

மண்டையோட்டு எலும்பு

எடுத்த எலும்பை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டீர்களா? சில இடங்களில் நோயாளியின் வயிற்றுத் தோலுக்கடியிலேயே பத்திரப்படுத்துவார்கள். அப்படியென்றால் அவரோடு தானாக வந்துவிடும். சில இடங்களில் உறைகுளிர் பெட்டியில் வைப்பார்கள். அதை ஊருக்கு எடுத்து வருவது நடைமுறையில் மிகவும் கடினம். அங்கேயே பொருத்திவிட்டு வர முடியுமா, அல்லது இங்கே ஸ்கேனை வைத்து டைட்டானியத் தகடு செய்துகொள்வதா என்று இரண்டு மருத்துவர்களும் பேசி முடிவெடுக்க வேண்டும். இதைக் கேட்காமல் வந்துவிட்டு, நான்கு மாதம் கழித்து "எலும்பு எங்கே?" என்று தேடிய குடும்பங்கள் இருக்கின்றன. அதுவரை அந்தப் பக்கத்தில் மூளைக்கு மேல் தோல் மட்டும்தான். பயணத்தின்போது அந்தப் பக்கம் எதுவும் இடிக்காதபடி காப்புத் தொப்பி வேண்டும். தூக்கி மாற்றும் ஒவ்வொருவரும் பார்க்கும்படி, "இந்தப் பக்கம் எலும்பு இல்லை" என்று தலைக்கட்டின்மேல் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். நாங்களும் அப்படித்தான் ஒட்டுகிறோம்.

உங்கள் மாமியாரிடம் ஒன்று சொல்லுங்கள். பையனின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அழுகிறார் அல்லவா, வெள்ளிக்கிழமை அழைப்பில் அவரையும் பேசச் சொல்லுங்கள். அழாமல், வயலைப் பற்றியோ மாட்டைப் பற்றியோ பேசட்டும். இளைய மகள் பேசுவதைப் போனில் பதிவு செய்து அனுப்பினால், உங்கள் சித்தப்பா மகன் செவிலியரிடம் கொடுத்துத் தினமும் இரண்டு முறை காதருகே ஒலிக்கச் செய்யலாம். மொழி தெரியாத வார்டில் நாளெல்லாம் கிடப்பவருக்கு அது நல்லது.

வரும் வெள்ளிக்கிழமை உங்கள் சித்தப்பா மகன் கேட்டு வர வேண்டியவை: கடைசி சி.டி. ஸ்கேன் எப்போது, மண்டைக்குள் காற்று இருக்கிறதா, ஆக்சிஜன் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், கடைசியாக எப்போது காய்ச்சல் வந்தது, வலிப்பு வந்ததா, அதற்கு என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், முதுகில் படுக்கைப் புண் இருக்கிறதா, எலும்பு எங்கே. ஸ்கேன் படங்களைக் குறுந்தகட்டில் பதிந்து வாங்கட்டும். பதில்கள் வந்ததும் அறிக்கையைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். ஸ்ட்ரெச்சர் போதுமா என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை ஏஜெண்டின் போனை எடுக்க வேண்டாம்.